மெடீவல் 3 எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த விளையாட்டு? இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

டோட்டல் வார் வரிசையில் வரவிருக்கும் வரலாற்று வியூக விளையாட்டான மெடீவல் 3 பற்றிய பக்கம் இது. இங்கிலாந்தின் ஹார்ஷம் நகரில் இயங்கும் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம், இந்த வரிசையின் 25ஆம் ஆண்டை ஒட்டி 2025 டிசம்பரில் இதை அறிவித்தது. பணி இன்னும் தயாரிப்புக்கு முந்தைய தொடக்கக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் அப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆகவே புதிய விளையாட்டில் என்ன வரும் என்று கீழே எழுதியிருப்பவை எல்லாம் ஊகமும் விருப்பமும்தான். பழைய விளையாட்டுகளையும் ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றையும் அடிப்படையாக வைத்தே அந்த ஊகங்களைச் செய்திருக்கிறேன்.

டோட்டல் வார் விளையாடியதே இல்லை. அடிப்படையைச் சொல்ல முடியுமா?

இதில் இரண்டு தளங்கள் உண்டு. முதலாவது வரைபடம். அங்கே சதுரங்கம் போல முறை வைத்து ஆட வேண்டும். வரி விதிப்பது, கட்டடம் எழுப்புவது, தூது அனுப்புவது, படை நகர்த்துவது எல்லாம் அங்கேதான் நடக்கும். இரண்டாவது போர்க்களம். இரண்டு படைகள் மோதும்போது ஆயிரக்கணக்கான வீரர்கள் நிற்கும் களம் திறக்கும்; அங்கே முறை கிடையாது, கண்முன் ஓடும் நேரத்திலேயே ஆணையிட வேண்டும். முதல் விளையாட்டான ஷோகன் 2000ஆம் ஆண்டில் வந்தது. மெடீவல் 2002இலும் மெடீவல் 2 2006இலும் வெளியாயின.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் மெடீவலுக்கு ஏன் இத்தனை எதிர்பார்ப்பு?

மெடீவல் 2ஐ இன்றும் பலர் விளையாடுகிறார்கள்; 2022இல் அது கைப்பேசிக்கே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ரோம், சீனா, எகிப்து என்று வரலாற்று விளையாட்டுகள் வந்தாலும், 2016 முதல் நிறுவனத்தின் உழைப்பில் பெரும்பங்கு வார்ஹாமர் என்ற கற்பனை உலகத்துக்குப் போனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்று வார்ஹாமர் விளையாட்டுகளும் தம் அளவில் நல்லவை. ஆனால் உண்மையில் வாழ்ந்த மனிதர்களின் உண்மையான இக்கட்டுகளை ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த ஆண்டுகள் நீண்ட காத்திருப்பாகவே கழிந்தன. 2018இல் வந்த த்ரோன்ஸ் ஆஃப் பிரிட்டானியா பிரிட்டன் தீவுகளோடு நின்றுவிட்டது. போப்பாண்டவர், சிலுவைப்போர், மங்கோலியர் ஆகிய அனைத்தும் ஒரே வரைபடத்தில் வந்த கடைசி விளையாட்டு மெடீவல் 2தான்.

ஒரே ஒரு புதிய அம்சம் வரலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

படை அரசனுக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது. இதைத்தான் கேட்பேன்.

மெடீவல் 2இல் கோட்டைகள் வீரர்களைத் தரும், நகரங்கள் பணத்தைத் தரும். பணம் இருந்தால் வீரர்களைச் சேர்க்கலாம். சேர்த்த வீரர்கள் ஆண்டுக்கணக்கில், சம்பளம் கிடைக்கும் வரை, நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்பார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டு அரசின் படை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர் அரசன் போருக்குப் புறப்பட வேண்டுமானால், தன்னிடமிருந்து நிலம் பெற்ற பிரபுக்களை அழைக்க வேண்டும். அவர்கள் தங்கள் வீரர்களோடு வருவார்கள். பிரான்சிலும் இங்கிலாந்திலும் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 40 நாள். அந்தக் கெடு முடிந்தால் ஊர் திரும்ப அவர்களுக்கு உரிமை உண்டு. மேலும் நிற்க வைக்க வேண்டுமானால் அரசன் கைப்பணத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது கெஞ்ச வேண்டும், அல்லது புதிய நிலம் தருவதாக வாக்களிக்க வேண்டும்.

இதன் விளைவைத் தெற்குப் பிரான்சில் தெளிவாகக் காணலாம். திருச்சபை மதவிரோதிகள் என்று அறிவித்தவர்கள் மீது 1209இல் தொடங்கிய ஆல்பிஜென்சியச் சிலுவைப்போரில் 40 நாள் படையில் நின்றவருக்குப் பாவமன்னிப்பு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. கோடையில் பெரும் கூட்டம் வரும், ஊர்கள் விழும், கெடு முடிந்ததும் கூட்டம் கலையும். அதன்பின் தளபதி சீமோன் தெ மோன்ஃபோர் சில டஜன் குதிரை வீரர்களோடு, பிடித்த கோட்டைகளைக் காப்பாற்றக் குளிர்காலம் முழுவதும் போராடுவார். எந்தக் கோட்டையைப் பிடிப்பது என்பதைவிட, ஆள் போன பிறகு எந்தக் கோட்டையை வைத்துக்கொள்ள முடியும் என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியை இதுவரை எந்த டோட்டல் வாரும் நம்மிடம் முழுமையாகக் கேட்டதில்லை.

இதை விளையாட்டாக மாற்றுவது கடினமும் அல்ல. ஒவ்வொரு பிரபுவுக்கும் நிலம், ஆள்பலம், மனக்குறை என்ற மூன்று கணக்குகள் இருந்தால் போதும். வசந்தத்தில் நீங்கள் அழைப்பு விடுக்கிறீர்கள். சென்ற போரில் ஏமாற்றப்பட்டவர் பாதி ஆளை அனுப்புவார், அல்லது ஆளுக்குப் பதில் பணம் அனுப்புவார். இங்கிலாந்தில் இந்தப் பதிலித் தொகை பெரிய சச்சரவாகவே வளர்ந்தது. 1215இன் மாக்னா கார்ட்டாவின் 12ஆம் பிரிவு, நாட்டின் பொது ஆலோசனையின்றி இந்தத் தொகையை அரசன் விதிக்கக் கூடாது என்கிறது. அதாவது, படைக்கு ஆள் திரட்டும் கணக்கு ஓர் அரசியல் சாசனத்தையே பிறப்பித்திருக்கிறது. இவ்வளவு வளமான மோதல் கையருகே இருக்கும்போது, வீரர்களைக் கடைப்பொருள் போல வாங்கும் பொத்தானோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு.

இது டோட்டல் வாருக்கு ஒத்து வருமா, வேறு விளையாட்டின் வேலை அல்லவா?

விதை இந்த வரிசையிலேயே இருக்கிறது. 2002இன் முதல் மெடீவலில் மாகாணப் பட்டங்களைத் தளபதிகளுக்கு வழங்கலாம். விசுவாசம் குறைந்தவர்கள் உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்புக்குப் போய்விடுவார்கள். த்ரோன்ஸ் ஆஃப் பிரிட்டானியாவில் நிலங்களைப் பிரபுக்களுக்குப் பகிர்ந்து தராவிட்டால் அவர்களுடைய விசுவாசம் சரியும்; புதிதாகச் சேர்த்த படைப்பிரிவும் கால்பங்கு பலத்தோடு வந்து மெல்ல நிரம்பும். ரோம் 2 2013இல் குடும்ப மரமே இல்லாமல் வந்து, ரசிகர்கள் தொடர்ந்து கேட்டதன் பிறகு 2018இல் அதைப் பெற்றது. மனிதர்களுக்கு இடையிலான உறவு இந்த விளையாட்டுக்கு வெறும் அலங்காரம் அல்ல என்பதை நிறுவனம் அனுபவத்தில் கற்றிருக்கிறது என்றே நம்புகிறேன்.

படை அடிக்கடி கலைந்தால் சலிப்பாக இருக்காதா?

கையிலிருக்கும் படை நாளை இருக்காது என்றால் இன்றைய முடிவுக்கு எடை கூடும். மெடீவல் 2இல் எதிரி நகரத்தின் வெளியே பல ஆட்டமுறைகளுக்குச் சும்மா உட்கார்ந்திருந்து பட்டினி போட்டுப் பிடிப்பதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி, ஏனென்றால் காத்திருப்பதற்கு விலை மிகக் குறைவு. பிரபுக்கள் அறுவடைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலை வந்தால், இன்றே மதிலேறித் தாக்கிப் பாதி ஆளை இழப்பதா, பேரம் பேசுவதா, வெறுங்கையோடு திரும்புவதா என்று உண்மையிலேயே யோசிக்க நேரும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது பிரிவு கொண்ட படையைக் கட்டி, அதற்குப் பெயர் வைத்து, வெற்றி தோல்விகளோடு அதை வளர்ப்பதில் ஒரு பாசம் பிறக்கிறது. அந்தப் பாசத்தைப் பறிக்கக் கூடாது. அரசனின் சொந்த வீட்டுப்படை என்று ஒரு சிறு அணி அன்றும் நிலையாக இருந்தது. அந்தப் பாசத்துக்கு அது போதுமான இடம். காலம் செல்லச் செல்ல, நூறாண்டுப் போர் நடந்த 1337–1453 காலத்தில், ஒப்பந்தச் சம்பளப்படைகள் மேலோங்கின. எனவே தொடக்கத்தில் அழைப்புப் படை, நடுவில் கூலிப்படை, இறுதியில் நிலைப்படை என்று விளையாட்டின் போக்கிலேயே படையின் இயல்பு மாறலாம். புதிய வாள், புதிய கவசம் என்பதைவிட அதுவே உண்மையான வளர்ச்சி.

எந்த ஆண்டில் தொடங்கும்?

மெடீவல் 2 1080இல் தொடங்கி 1530இல் முடிகிறது. முதல் மெடீவலில் 1087, 1205, 1321 என்று மூன்று தொடக்கங்கள் இருந்தன. அந்த முறை திரும்ப வர வேண்டும். பெரும்பாலானோர் ஆட்டத்தின் முதல் நூறு முறைகளைத் தாண்டுவதற்குள் வென்றுவிடுகிறார்கள் அல்லது அலுத்துவிடுகிறார்கள். 1080இல் மட்டும் தொடங்கினால் பீரங்கியும் கருங்கொள்ளை நோயும் அவர்கள் கண்ணிலேயே படாது.

ஒரு முறைக்கு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும்?

சிறிய கேள்வி போலத் தெரிந்தாலும் மற்ற எல்லாமே இதில்தான் தொங்குகிறது. மெடீவல் 2இல் ஒரு முறைக்கு இரண்டு ஆண்டு. 225 முறைகளில் 450 ஆண்டுகள். ஆனால் அப்படியே விட்டால் தளபதிகள் வளர்வதற்குள் செத்துவிடுவார்கள் என்பதால், மனிதர்களுக்கு மட்டும் இரண்டு முறைக்கு ஒரு வயது என்று வைத்தார்கள். விளைவு விசித்திரமானது. அறுபது வயது வரை வாழும் ஒருவர், நாட்காட்டிப்படி 240 ஆண்டுகள் வாழ்கிறார். ஜெருசலேம் பிடிபட்ட 1099இல் பிறந்தவர் கருங்கொள்ளை நோய்க்குச் சற்று முன்புவரை இருப்பார்.

40 நாள் படைக்கடமையும், குளிர்காலப் பட்டினியும், வாரிசுச் சண்டையும் பொருள்படவேண்டுமானால் ஓர் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறைகள் வேண்டும். அப்படியானால் 450 ஆண்டுகளுக்கு 1800 முறைகள் ஆகிவிடும். அதை யாராலும் ஆடி முடிக்க முடியாது. ஆகவே நானூறு ஆண்டுகளையும் ஒரே ஆட்டத்தில் அடக்கும் ஆசையை விட்டுவிட்டு, மூன்று தலைமுறை அளவுள்ள காலங்களாகப் பிரிப்பதே அறிவுடைமை. முந்தைய கேள்வியில் பல தொடக்கங்களைக் கேட்டதன் மற்றொரு காரணமும் இதுதான்.

கருங்கொள்ளை நோய் எப்படி வரக்கூடும்?

மெடீவல் 2இல் அது சில முறைகள் நகரங்களைத் தாக்கிவிட்டுப் போகும் ஒரு நிகழ்வு. பிறகு மக்கள்தொகை மெல்ல நிரம்பும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். உண்மையில் எதுவும் பழையபடி ஆகவில்லை. 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் இறங்கிய நோய் 1351க்குள் ஐரோப்பா முழுவதும் பரவி, மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனது. உயிர் தப்பிய உழவர்களின் உழைப்புக்கு விலை ஏறியது. கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த இங்கிலாந்து 1351இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் வளர்த்த கசப்பு 1381 உழவர் கிளர்ச்சி வரை நீண்டது.

விளையாட்டில் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான். ஆள் குறைந்தால் பிரபுவின் வருமானம் குறையும். வருமானம் குறைந்த பிரபு உங்கள் அழைப்புக்கு வரமாட்டார். வராதவருக்குப் பதில் கூலிப்படையைப் பிடிக்க நகர வணிகரிடம் கடன் வாங்குவீர்கள். வணிகர் உரிமை கேட்பார். ஒரு நோய் அரசின் வடிவத்தையே மாற்றும் இந்தச் சங்கிலிக்கு, ஒவ்வொரு ஊரிலும் உழவர், வீரர், நகரத்தார் என்று மக்கள்தொகை தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். நிறுவனம் செய்யாத காலத்தில் ரசிகர்கள் தங்கள் மோட்களிலேயே (விளையாட்டைத் தாங்களே திருத்தி வெளியிடும் பதிப்புகளிலேயே) இதை முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பதால், விளையாடுவோர் இந்தச் சிக்கலைத் தாங்குவார்களா என்ற அச்சம் தேவையில்லை.

போப்பாண்டவர் மீண்டும் வருவாரா?

வராமல் மெடீவல் இல்லை. மெடீவல் 2இல் கர்தினால்கள் கூடிப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுப்பதும், அவர் சொன்ன பணியைச் செய்தால் மதிப்பு ஏறுவதும், பிற கத்தோலிக்க நாட்டைத் தாக்கினால் சபைநீக்கம் செய்யப்படுவதும் இன்றும் நினைவில் நிற்கும் அம்சங்கள். ஆனால் அந்தத் தண்டனை உங்கள் தூதுறவை மட்டுமே பெரிதும் பாதித்தது. வரலாற்றில் அதன் கூர்மை வேறு இடத்தில் இருந்தது: சபைநீக்கம் செய்யப்பட்ட அரசனுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காக்க வேண்டியதில்லை என்று அவனுடைய பிரபுக்களே சொல்லிவிடலாம். சபைநீக்கம் செய்யப்பட்ட ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்ரி, 1077 ஜனவரியில் போப்பாண்டவர் தங்கியிருந்த இத்தாலியின் கனோசா கோட்டை வாயிலில் பனியில் காத்து நின்றது பக்தியால் மட்டும் அல்ல. ஜெர்மானியப் பிரபுக்கள் வேறு அரசனைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். இங்கிலாந்தின் ஜான் மன்னர், நாடு முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1213இல் நாட்டையே போப்பாண்டவருக்குக் கொடுத்து அவருடைய சிற்றரசராகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரும் ஒரு பெரும் பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்நோக்கியிருந்தார்.

எனவே போப்பாண்டவரின் கோபம் உங்கள் பிரபுக்களின் விசுவாசக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். படை பிரபுக்களுடையது என்ற அடிப்படை ஒன்று வந்துவிட்டால், மதம் தானாகவே பல் முளைத்த அம்சமாகிவிடும்.

சிலுவைப்போரில் என்ன மாற்றம் வரலாம்?

மெடீவல் 2இல் போப்பாண்டவர் இலக்கு நகரத்தை அறிவிப்பார். சேர்ந்த படைக்குச் சம்பளச் செலவு இல்லை. இலக்கை நோக்கி நகராமல் தாமதித்தால் வீரர்கள் ஓடிவிடுவார்கள். நல்ல அமைப்பு. அதில் இல்லாதது கடன்.

நான்காம் சிலுவைப்போரை எண்ணிப் பாருங்கள். படையையும் குதிரைகளையும் ஏற்றிச் செல்ல வெனிஸ் கேட்ட தொகை 85,000 மார்க் வெள்ளி. எதிர்பார்த்த ஆள் வரவில்லை, பணம் சேரவில்லை. கடனைத் தள்ளிவைப்பதற்கு விலையாக 1202இல் சாரா என்ற கிறித்தவ நகரத்தைத் தாக்கினார்கள். பிறகு ஒரு பைசாந்திய இளவரசனின் வாக்குறுதியை நம்பிக் கான்ஸ்டான்டினோபிள் போனார்கள். அவன் தர முடியாமற்போனதும் 1204இல் அந்த நகரத்தையே சூறையாடினார்கள். எகிப்தை நோக்கிப் புறப்பட்ட படை கிறித்தவ உலகின் மிகப்பெரிய நகரத்தில் போய் முடிந்தது. இப்படித் தடம் புரளும் வாய்ப்பு விளையாட்டில் இருந்தால், ஒவ்வொரு சிலுவைப்போரும் வேறு கதையாக அமையும்.

இதற்கு நேரெதிர் நிகழ்ச்சியும் உண்டு. பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், சபைநீக்கம் செய்யப்பட்ட நிலையிலேயே கிழக்குக்குப் போய், 1229இல் எகிப்தின் சுல்தான் அல்-காமிலுடன் உடன்படிக்கை செய்து, போரின்றி ஜெருசலேமைப் பெற்றார். சுல்தானுக்கும் தம் குடும்பத்தினரோடு தகராறு இருந்ததால் மேற்கில் அமைதி தேவைப்பட்டது. எதிரியின் உள்வீட்டுச் சிக்கலை அறிந்து பேரம் பேச இதே வரிசையில் 2019இல் வந்த த்ரீ கிங்டம்ஸில் இருந்த தூதுறவு முறை பெரிதும் உதவும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிர்த்தரப்பு எவ்வளவு மதிப்பு வைக்கிறது என்பதை அது எண்ணாகவே காட்டியது. மெடீவல் 3 அதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

முற்றுகைகள் மேம்படுமா?

மேம்பட்டே ஆக வேண்டும். மூன்று சுற்று மதில் கொண்ட பெருங்கோட்டையை மெடீவல் 2 தந்தது. ஏணி, உருளும் கோபுரம், வாயில் இடிக்கும் தூலம், கதவைத் திறந்துவிடும் ஒற்றன் எல்லாம் உண்டு. இருப்பினும் தெருக்களில் வீரர்கள் வழி தெரியாமல் திணறுவது இன்றும் எரிச்சலூட்டுகிறது. புதிய எஞ்சினில், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளில், இது சரியாகும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

எனக்கு அதைவிட முக்கியமானது மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் கழியும் மாதங்கள். தமிழ் இலக்கணத்தார் மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனித் திணை வகுத்தார்கள். இரண்டும் வெவ்வேறு மனநிலை, வெவ்வேறு துன்பம் என்று அறிந்திருந்தார்கள். டோட்டல் வார் இதுவரை உழிஞையை மட்டுமே விரிவாகத் தந்திருக்கிறது. நார்மண்டியின் ஷாதோ கையார் கோட்டையை 1203–1204இல் பிரெஞ்சு மன்னர் முற்றுகையிட்டபோது, உணவு குறையக் கண்ட கோட்டைத் தலைவர் உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஊர் மக்களை வெளியேற்றினார். வெளியே நின்ற படை அவர்களைக் கடந்துபோக விடவில்லை. இரு தரப்புக்கும் நடுவில், குளிர்காலத்தில், அவர்கள் பட்டினியால் மடிந்தார்கள். நொச்சித் தரப்பில் விளையாடுபவர் எடுக்க நேரும் முடிவுகள் இத்தகையவை. அவை விளையாட்டில் வந்தால் போரின் விலை என்னவென்று கைக்குத் தெரியும்.

இன்னொரு நடைமுறையும் உண்டு: கெடு வைத்துச் சரணடைதல். குறித்த நாளுக்குள் மீட்புப்படை வராவிட்டால் கோட்டையைத் தருகிறோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை 1314இன் கோடை நடுநாளுக்குள் மீட்காவிட்டால் ஒப்படைப்பதாக ஆங்கிலேயர் தரப்பில் அதைக் காத்த தலைவர் ஒப்புக்கொண்டார். இரண்டாம் எட்வர்டுக்கு வேறு வழியில்லை. அழைப்பு விடுத்துப் படை திரட்டி வந்தார். ஜூன் 23, 24இல் பானக்பர்னில் தோற்றார். ஒரு முற்றுகை, ஒரு கெடு, ஒரு படை அழைப்பு, ஒரு பெரும்போர் என்று எல்லாம் ஒரே நூலில் கோத்தது போல வருகிறது. இதை விளையாட்டின் விதியாக எழுத ஒரு பேர நிபந்தனையும் ஒரு நாட்கணக்கும் போதும்.

போர்க்களத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

மெடீவல் 2இன் குதிரைப்படைப் பாய்ச்சலுக்கு இணையான எடை பின்வந்த பலவற்றில் இல்லை என்பது பழைய விளையாட்டாளர்களின் பொதுக்கருத்து. நானும் அதையே சொல்வேன். வரிசை கலையாமல், போதிய தூரத்திலிருந்து, ஈட்டியைத் தாழ்த்தி ஓடினால்தான் அங்கே பாய்ச்சல் முழுமையாக விழும். 2023இன் ஃபாரோவில் வந்த மாறும் வானிலையையும், மெல்லப் பின்வாங்கிப் போரிடும் நிலையையும் இதனோடு சேர்த்தால், 1415இல் அஜின்கோரின் சேற்றில் கவசம் அணிந்தோர் திணறியது போன்ற நிகழ்ச்சிகள் தாமாகவே உருவாகும்.

கைதிகளைக் கொல்வது, விடுவிப்பது, மீட்புத்தொகை கேட்பது என்ற மூன்று தேர்வும் முன்பே உண்டு. மீட்புத்தொகையை மட்டும் ஆழமாக்க வேண்டும். 1356இல் பொய்த்தியேவில் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு 1360இல் பேசி முடித்த தொகை முப்பது லட்சம் பொற்காசு. அதைத் திரட்டப் பிரான்சின் வரி அமைப்பே மாறியது. களத்தில் எதிரி மன்னனைக் கொன்றுவிடுவதா, உயிரோடு பிடிப்பதா என்று தளபதியிடம் சொல்ல வழி வேண்டும்.

கடற்போர் உண்டா?

மெடீவல் 2இல் கடல் மோதல்கள் தானாகவே தீர்க்கப்பட்டன. கப்பலுக்குள் இறங்கி ஆடும் முறை 2009இன் எம்பயரில்தான் வந்தது. அண்மைய விளையாட்டுகள் அதைக் கைவிட்டன. வந்தால் வரவேற்பேன், வராவிட்டால் வருந்தமாட்டேன். வெனிஸும் ஜெனோவாவும் கடலை ஆண்டது வணிகத்தாலும் கடனாலும். அந்தக் கணக்கு வரைபடத்தில் சரியாக வந்தால் போதும்.

மங்கோலியர்?

முன்பு அவர்கள் வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் பெரும் படைகளாகத் திடீரென்று தோன்றினார்கள். அச்சம் உண்மையானது, தொடர்ச்சி இல்லை. 1241 ஏப்ரலில் போலந்தின் லெக்னிட்சாவிலும் ஹங்கேரியின் மோகியிலும் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு நாட்டுப் படைகளை அழித்தவர்கள் மறு ஆண்டு திரும்பிப் போனார்கள். ஹங்கேரியின் நான்காம் பேலா மன்னர் எஞ்சிய காலம் முழுவதும் கற்கோட்டைகளைக் கட்ட ஊக்குவித்தார். அதற்காகப் பிரபுக்களுக்கு நிலத்தையும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்தார். 1285இல் மீண்டும் வந்தவர்களால் அந்த நாட்டை முன்போல் நொறுக்க முடியவில்லை. ரஷ்ய இளவரசர்களோ கானின் சராய் நகருக்குப் போய் ஆளும் உரிமைப் பத்திரம் பெற்று, திறை கட்டி நிலைத்தார்கள். எதிர்ப்பதா பணிவதா என்ற இந்த இரு வழிகளும் விளையாடத்தக்கவையாக இருக்க வேண்டும்.

வரைபடத்தில் இந்தியா இருக்குமா? சோழர்கள்?

மெடீவல் 2இன் வரைபடம் பாரசீகத்தின் மேற்கோடு நின்றது. அது தொடங்கும் 1080இல் இங்கே ஆண்டவர் முதலாம் குலோத்துங்கன். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1077இல், சோழர் தூதுக்குழு சீனத்தின் சொங் அரசவைக்குப் போயிருந்தது. ஆசை எனக்கும் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தன் 2022 விரிவாக்கத்தில் திராவிடர் என்ற தரப்பையும் ராஜேந்திரன் பெயரில் ஒரு தொடர்கதையையும் தந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனாலும் முதல் வெளியீட்டில் இது வேண்டாம் என்றே சொல்வேன். படைக்கடமை, போப்பாண்டவர், சிலுவைப்போர் என்று மேலே விவரித்த விதிகள் எவையும் சோழ நாட்டுக்குப் பொருந்தாது. நாடு, வளநாடு, ஊர்ச்சபை, பிரமதேயம், வணிகக் கணங்கள் என்று அதற்குரிய விதிகளை எழுதாமல், ஐரோப்பிய அச்சில் யானைப்படையை மட்டும் ஊற்றித் தருவதில் நமக்கு என்ன பெருமை? தனியான விரிவாக்கமாக, தனியான ஆய்வோடு வரட்டும். அதுவரை, கெய்ரோவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் மிளகு எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு கடல்வழியாகக் காட்டினாலே மனம் நிறையும்.

மோட்களுக்கு இடம் இருக்குமா?

மெடீவல் 2 இத்தனை ஆண்டு வாழ்ந்ததற்கு முதற்காரணமே, அதன் விதிகளில் பெரும்பகுதி யாரும் திறந்து திருத்தக்கூடிய எளிய உரைக்கோப்புகளில் இருந்ததுதான். பின்வந்த எஞ்சின்களில் புதிய வரைபடம் செய்வது மிகக் கடினமாயிற்று. புதிய எஞ்சின் எத்தனை அழகான படம் காட்டினாலும், வரைபடத்தை மாற்றும் கருவியை ரசிகர்களுக்குத் தராவிட்டால் அது பத்து ஆண்டுகூட நிற்காது என்பது என் கருத்து.

அதுவரை மெடீவல் 2ஐத் தொடங்கலாமா? எந்தத் தரப்பில்?

தாராளமாகத் தொடங்கலாம். தொடக்கத்தில் இங்கிலாந்து, பிரான்சு, புனித ரோமப் பேரரசு, ஸ்பெயின், வெனிஸ் ஆகிய ஐந்து தரப்புகள் மட்டுமே பெரிய ஆட்டத்தில் திறந்திருக்கும். மற்றவை ஆட ஆடத் திறக்கும். முதல்முறை ஆடுகிறவருக்கு இங்கிலாந்து எளிது. மேலே பேசிய சிக்கல்களின் சாயலைப் பார்க்க விரும்புகிறவர் புனித ரோமப் பேரரசை எடுக்கலாம்: ஆறேழு திசைகளில் எல்லை, தெற்கே மிலானும் வெனிஸும், தலைக்கு மேல் போப்பாண்டவர். போர் அறிவிப்பதற்கு முன் போப்பாண்டவரின் திரையைத் திறந்து உங்கள் மதிப்பு எத்தனை சிலுவை என்று ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால் சிறிய ஊர்களில் ஓரிரு தேவாலயங்களைக் கட்டி முடித்த பிறகு மிலானைத் தொடுங்கள்.